காந்தப் புயலும் துணைப்புயலும்

காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்கும் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். அது முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை என்பதையும் உடன் கூறுதல் நன்று. நாள்தோறும் சூரியன் ஏறி இறங்குவதற்கேற்ப அதன் நிலை மிகச் சிறிதளவு மாறுகிறது. சில நாட்களிலோ உலகெங்கும் உள்ள காந்தமானிகள் யாவும் ஏறத்தாழ ஒரே வேளையில் தத்தளிக்கின்றன. காற்றுமில்லை, மழையுமில்லை, எனினும் இதற்குப் புயல் என்ற பெயரையே வழங்கினார் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட். 1806ஆம் ஆண்டு பெர்லினில் இரவெல்லாம் விழித்திருந்து ஊசியின் ஆட்டத்தை நோக்கியவர் அவர்.

இத்தகைய புயல்களுள் மிகப் பெரியனவற்றில் ஒன்றின் பதிவு நமது நாட்டிலேயே உள்ளது. 1859ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் முற்பகலில், மும்பை கொலாபா வானாய்வு நிலையத்தில் பூகாந்தத்தின் கிடைக்கூறு ஏறத்தாழ 1,600 நானோ டெஸ்லா அளவு வீழ்ந்தது. அது அவ்விடத்தின் மொத்தக் கிடைக்கூற்றில் நூற்றில் நான்கு பங்கு ஆகும். தானியங்கிக் கருவிகள் இல்லாத அந்நாளில், பணியாளர் கண்ணால் நோக்கி எழுதிவைத்த எண்கள் அவை. 2003ஆம் ஆண்டில் லகினா, அலெக்ஸ் ஆகிய இந்திய ஆய்வாளரும் வெளிநாட்டு ஆய்வாளரும் இணைந்து அப்பழைய ஏடுகளைப் பயன்படுத்தி அப்புயலின் தன்மையை ஆராய்ந்தனர். தவறாது எழுதப்பட்ட குறிப்பு நூற்றைம்பது ஆண்டு கழித்தும் பயன் தரும் என்பதைக் களப்பணியில் இருப்போர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை.

புயலின் காரணம் சூரியனிடம் இருக்கிறது. சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் சாதாரணமாக நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் இடையறாது வீசுகின்றன. இதுவே சூரியக் காற்று. பூமியின் காந்தப்புலம் இக்காற்றைத் தடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு குகை போன்ற வெளியை அமைத்துக் கொள்கிறது. இதனைக் காந்த மண்டலம் என்பர். பகற்புறத்தில் அதன் எல்லை பூமியின் ஆரத்தைப் போல் சுமார் பத்து மடங்குத் தொலைவில் உள்ளது. இரவுப்புறத்தில் அது நீண்ட வாலாக இழுபட்டுக் கிடக்கிறது. சூரியக் காற்றுடன் வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருப்பின் பூமியின் விசைக்கோடுகளோடு அது இணைந்துகொள்ளும். அப்பொழுதுதான் கதவு திறக்கிறது. இக்கருத்தை 1961இல் டஞ்சி என்னும் ஆங்கிலேயர் வெளியிட்டார். உள்ளே புகுந்த சக்தியால் பூமியைச் சுற்றி மேற்கு நோக்கிப் பாயும் ஒரு மின்னோட்ட வளையம் வலுப்பெறுகிறது. அவ்வளையத்தின் காந்தம் பூகாந்தத்தை எதிர்ப்பதால், நிலநடுக்கோட்டையடுத்த நாடுகளில் கிடைக்கூறு குறைகிறது. வீழ்ச்சி சில மணி நேரத்தில் நிகழ்ந்துவிடும். மீள்வதற்குச் சில நாட்கள் ஆகும்.

துணைப்புயல் என்பது வேறு. அது இரண்டு மூன்று மணி நேரமே நீடிப்பது. துருவங்களை அடுத்த பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுவது. நார்வே நாட்டு பிர்க்லாண்ட் இதனை முன்னரே கண்டறிந்து, துருவ மூலப்புயல் எனப் பெயரிட்டார். 1964இல் அகசோஃபு துருவ ஒளியின் படங்களை ஆராய்ந்து அதன் படிநிலைகளை வகுத்தளித்தார். நமது ஊர் ஏரியைக் கொண்டு இதனை விளக்கலாம். ஆற்று நீர் ஏரியில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு மட்டத்தைத் தாண்டியதும் கலிங்கின் வழியே திடீரெனப் பெருகி வழிகிறது. காந்த மண்டலத்தின் வாலே ஏரி. சூரியக் காற்றே ஆற்று நீர். வாலில் தேங்கிய சக்தி பூமியை நோக்கிப் பாய்வதே துணைப்புயல்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. துணைப்புயல்கள் பல அடுத்தடுத்து நிகழ்ந்து கூடினால் அதுவே காந்தப் புயல் என்பது சிட்னி சாப்மனும் அவருடைய மாணவர் அகசோஃபுவும் கொண்ட கருத்து. துணைப்புயல் என்ற பெயரே அவ்வெண்ணத்திலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் வேறு சிலர் இதை மறுத்தனர். தெற்கு நோக்கிய புலம் நெடுநேரம் நிலைத்தால் வளைய மின்னோட்டம் தானே வளரும். துணைப்புயல் உடன் நிகழ்வதேயன்றிக் காரணமாகாது என்றனர். இவ்வினாவை ஆராயவே 2001 மார்ச் மாதத்தில், மும்பைக்கும் புனேக்கும் இடையிலுள்ள லோனாவ்லாவில் அமெரிக்கப் புவிபௌதிகச் சங்கத்தின் கருத்தரங்கு ஒன்று கூடியது. சர்மா, காமிடே, லகினா ஆகியோர் தொகுத்த அதன் கட்டுரைகள் 2003இல் நூலாக வெளிவந்தன. அச்சங்கம் நடத்தும் இவ்வரிசைக் கூட்டங்கள் சாப்மனின் பெயராலேயே வழங்குகின்றன. சாப்மன் பெயர் தாங்கிய அவையிலேயே அவருடைய கருத்து விசாரணைக்கு வந்தது. விஞ்ஞானத்தில் இது மரியாதைக் குறைவன்று; அதுவே முறை.

இவ்வழக்கில் முக்கியமான சான்று ஒன்றை அளித்தவருள் இந்தியப் பூகாந்த நிலையத்தைச் சேர்ந்த டி. ஆர். கே. ராவ் ஒருவர். 1996இல் ஜப்பானிய அறிஞர் இயெமோரியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், துணைப்புயல் தொடங்கிய பின் கிடைக்கூற்றின் வீழ்ச்சி விரைவுபடவில்லை. மாறாக அது தளர்ந்தது என்று காட்டப்பட்டது. கலிங்கு திறந்தால் கழனியில் வெள்ளம் ஏறவேண்டும். ஏறவில்லை என்பது போன்றது இது. ஆயினும் துணைப்புயலை அடியோடு தள்ளிவிடவும் இயலாது. பெரும்புயல்களில் வளைய மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்களில் ஆக்ஸிஜன் அயனிகள் மிகுந்துள்ளன. அவை சூரியனிலிருந்து வந்தவை அல்ல. நமது வளிமண்டலத்தின் மேலடுக்கிலிருந்து உயர்ந்தவை. அவற்றை மேலேற்றி முடுக்குவதில் துணைப்புயலுக்கும் பங்குண்டு. இரு நிகழ்ச்சிகளுக்கும் தந்தை சூரியக் காற்றே. அவை ஒன்றையொன்று பாதிக்கும் உடன்பிறப்புகள் என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அம்மாதம் 31ஆம் நாளன்றே ஒரு பெரும்புயல் வீசி, கிடைக்கூற்றை உலக அளவில் 387 நானோ டெஸ்லா வரை தாழ்த்தியது!

இத்துறையைக் குறித்துப் பேசும்பொழுது கொல்கத்தாவை விட்டுவிடலாகாது. பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா 1947இல் அங்கு வெளியிட்ட மேல் வளிமண்டலம் பற்றிய பெருநூல், உலகெங்கும் ஆய்வாளர் கையில் இருந்தது. அயனி மண்டலத்தின் எலெக்ட்ரான் செறிவு காந்த நடுக்கோட்டின்மேல் உச்சம் பெறாமல் அதற்கு இருபுறமும் உச்சம் பெறுவதை 1946இல் அவர் பூகாந்தத்தோடு தொடர்புபடுத்தினார். கொல்கத்தா அவ்வட உச்சத்தின் அண்மையிலேயே உள்ளது. இதனால் செயற்கைக் கோள்களிலிருந்து வரும் வானொலி அலைகள் அங்கு மாலைக்குப் பின் அடிக்கடி துடிதுடிக்கின்றன. காந்தப் புயலின்போது இத்துடிப்பு சில நாட்களில் மிகும். சில நாட்களில் அறவே அடங்கும். மித்ரா நிறுவிய அயனி மண்டல நிலையம் ஹரிண்காட்டாவில் இயங்கியது. அதே வட்டாரத்து மோகன்பூரில் இன்று கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. சூரியக் கிளர்ச்சியை முன்னறியும் ஆய்வு அங்கு நடைபெறுகிறது.

நில அளவையிலும் கனிமத் தேடலிலும் ஈடுபட்டோர்க்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. காந்த அளவையில் நாம் தேடும் வேறுபாடு சிலவேளை சில பத்து நானோ டெஸ்லாவே; ஒரு நடுத்தரப் புயலே அதனை மூழ்கடித்துவிடும். ஆகவே நிலையான ஓரிடத்தில் ஒரு காந்தமானியை இயங்கவிட்டு, அதன் மாற்றங்களைக் களக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். புயல் நாளின் அளவுகளை ஒதுக்கி, மறுமுறை எடுப்பதே நேர்மை. செயற்கைக் கோள் வழி இடம் அறிவோரும் அந்நாட்களில் அளவையைத் திரும்பச் செய்து ஒப்பிடுதல் வேண்டும். தென் தமிழ்நாட்டின்மேல் காந்த நடுக்கோட்டையொட்டிப் பகலில் ஒரு வலிய மின்னோட்டம் ஓடுகிறது. துருவத்தில் துணைப்புயல் எழுந்தால் இம்மின்னோட்டமும் சில நிமிடங்களில் அதிர்வதைத் திருநெல்வேலிக் கருவிகள் காட்டும். சர்வதேச பூபௌதிக ஆண்டான 1957இல் அண்ணாமலைநகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்த நிலையங்கள் தொடங்கப்பட்டதற்கு இம்மின்னோட்டமே காரணம். ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: வகுப்பறைத் திசைகாட்டியில் புயலைக் காண இயலாது. 400 நானோ டெஸ்லா என்பது நமது பகுதியின் கிடைக்கூற்றில் நூற்றில் ஒரு பங்கே. மாணவரை ஊசியருகில் வீணே காக்க வைக்க வேண்டாம்.

லோனாவ்லாவிற்குப் பின்னரும் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2007இல் ஏவப்பட்ட தெமிஸ் என்னும் ஐந்து கோள்கள், 2008 பிப்ரவரி 26ஆம் நாள் எழுந்த ஒரு துணைப்புயலைப் பல இடங்களிலிருந்து ஒருங்கே நோக்கின. வாலில் பூமியின் ஆரத்தைப் போல் சுமார் இருபது மடங்குத் தொலைவில் விசைக்கோடுகள் மீண்டும் இணைந்தன. துருவ ஒளி பொங்கியது அதற்குப் பின்னரே. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட நமது ஆதித்யா விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காந்தமானியுடன் நிற்கிறது. சூரியக் காற்றின் புலம் தெற்கே திரும்புவதை அங்கு அறிந்தால், பூமிக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கும் குறைவே. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். 2022 பிப்ரவரியிலோ ஒரு சிறு புயலே, புதிதாக ஏவப்பட்ட 49 கோள்களுள் 38ஐ வீழ்த்தப் போதுமானதாயிற்று. 2024 மே 10ஆம் நாள் இரவு, லடாக்கின் ஹான்லே மலையில் வானத்தின் வடபால் சிவந்ததை அங்குள்ள காமிராக்கள் பதிவு செய்தன.