ஈயச் சொம்பு ஏன் உருகவில்லை?

வா கண்ணு, இன்றைக்கு நமக்குச் சமையலறைதான் ஆய்வுக்கூடம்.

பாட்டி ஈயச் சொம்பில் ரசம் வைத்துப் பார்த்திருக்கிறாயா? பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும். ஆனால் மென்மையானது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே வாய் நெளிந்துவிடும். அது வெள்ளீயத்தில் செய்தது.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் சுடரோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அப்படியானால் சொம்பு உருகி வழிந்திருக்க வேண்டாமா? ரசம் மட்டும் நுரை கட்டுகிறது, சொம்பு அப்படியே நிற்கிறதே!

இந்தச் சந்தேகம் உனக்கு முன்பே வந்திருந்தால், சபாஷ்! நீ கெட்டிக்காரக் குட்டிதான்.

முதலில், உருகுவது என்றால் என்ன? திடப்பொருளில் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக இருக்கின்றன. சூடு ஏற ஏற அவை அதிர்கின்றன. மாமரக் கிளையை உலுக்குவதாக நினைத்துக்கொள். பழுத்த பழம் லேசாக உலுக்கினாலே விழும். காய் லேசில் விடாது. வெள்ளீயத்தின் பிடி பழம் மாதிரி. இரும்பு பச்சைக் காய்; 1538 டிகிரி வரை பிடியை விடாது. பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழைக்கு 3422 டிகிரி வேண்டும். காலியம் என்று ஓர் உலோகம், அதற்கு 30 டிகிரியே போதும். உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும்!

புரிகிறதா? சரி, இப்போது ரசத்துக்கு வருவோம்.

ரசம் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்குப் பிறகு அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் அதன் சூடு கூடாது. வருகிற வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். சொம்பின் அடியில் ஏறும் வெப்பத்தை ரசம் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் சொம்பு 232 டிகிரியை நெருங்குவதே இல்லை.

ரசம் வற்றிவிட்டால்? அவ்வளவுதான். அடி இளகி ஓட்டை விழும், ஈயம் பளபளவென்று சொட்டும். நீ இதைச் செய்து பார்க்கக் கூடாது, சரியா?

பாட்டியைக் கவனி. முதலில் புளித்தண்ணீரை ஊற்றுவார், பிறகுதான் அடுப்பில் வைப்பார். தீயும் சிறிதாகத்தான் இருக்கும். ஏனென்றால், ரச மட்டத்துக்கு மேலே இருக்கும் சொம்பின் சுவரைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லையே! தாளிப்பு மட்டும் தனியாக இரும்புக் கரண்டியில். ஏன், சொல் பார்க்கலாம்? எண்ணெய் 100 டிகிரியில் நிற்காது, 200-ஐத் தாண்டியும் ஏறும். ஈயத்துக்கு அது ஆபத்து, இரும்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெப்பமானி இல்லாமலேயே பாட்டிக்கு இது தெரிந்திருக்கிறது!

ஒரு எச்சரிக்கை. பெயரில் ஈயம் இருந்தாலும் காரீயம் வேறு உலோகம், நஞ்சு. சமையல் பாத்திரத்தில் அது துளியும் இருக்கக் கூடாது.

ஆனால் காரீயத்தில் எனக்குப் பிடித்த ஒரு புதிர் உண்டு. அது உருகுவது 327 டிகிரியில். வெள்ளீயத்தை 63 பங்கும் காரீயத்தை 37 பங்கும் கலந்தால் அந்தக் கலவை எத்தனை டிகிரியில் உருகும்? இரண்டுக்கும் நடுவில் என்றுதானே நினைத்தாய்? இல்லை, 183! இரண்டையும்விடக் குறைவு. இரண்டும் ஒன்றாகக் கலந்து திரவமாக இருப்பது அவற்றுக்குச் சுலபம். அதனால் சீக்கிரமே இளகிவிடுகின்றன. ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர்கள் நெடுங்காலம் இந்தக் கலவையை வைத்துத்தான் கம்பிகளைப் பற்றவைத்தார்கள்.

வெள்ளீயம் சீக்கிரம் உருகுவதால் இன்னொரு லாபமும் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் பாத்திரத்தைக் கரி அடுப்பில் சூடாக்குவார். நவச்சாரப் பொடியைத் தூவித் துடைப்பார். ஈயக் கட்டியால் ஒரு தேய்ப்பு. அது உருகி ஓடும்போதே துணியால் உள்ளே சுற்றிப் பரப்பிவிடுவார். பித்தளை உருக ஏறத்தாழ 900 டிகிரி வேண்டும். அதனால் பாத்திரம் அசையாமல் இருக்க, ஈயம் மட்டும் மெல்லிய பூச்சாக உட்கார்ந்துகொள்ளும்.