வீடியோத் திகில்

திகில் படம் என்றதும் இருண்ட மாளிகையும் மங்கிய நிலவொளியும் உங்கள் நினைவுக்கு வரும். 1985-இல் அமெரிக்காவின் டல்சா நகரில் எடுக்கப்பட்ட ‘பிளட் கல்ட்’ படமோ, வீட்டு விசேஷ வீடியோவில் திடீரென்று கொலை நடப்பது போலிருக்கும்! கொட்டகைக்காக அன்றி, வீட்டில் காசெட் போட்டுப் பார்ப்பதற்கென்றே குறைந்த செலவில் வீடியோவில் எடுத்த படம் அது.

சினிமாப் பிலிமில் வினாடிக்கு 24 படங்களே பதிவாகின்றன. அசைவு சற்றுத் துண்டுபட்டு, கனவு போல் தோன்றுகிறது. அமெரிக்க வீடியோவில் ஏறக்குறைய 60 அரைப்படங்கள். ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என மாறிமாறிப் பதிவாவதால் அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும். செய்தி ஒளிபரப்பில் நாம் கண்டு பழகிய அசைவு இதுவே. அதனால்தான் நடிப்பு மட்டமாக இருந்தும், ரத்தம் சாயமென்று தெரிந்தும், ‘இது உண்மையில் நடந்தது’ என்று கண் ஒரு கணம் ஏமாறுகிறது.

அக்கால வீடியோ காமிரா இருட்டையும் சரியாக வாங்காது. அறையின் மூலையில் கருமைக்குப் பதிலாகப் புள்ளிகள் நெளியும்; அங்கே யாரோ நிற்பதாகவே படும்.

இப்படங்களைக் கணினிக்கு மாற்றும்போது சிலர் இரண்டிரண்டு அரைப்படங்களை ஒட்டி, வினாடிக்கு 30 ஆக்கிவிடுகிறார்கள். வழுக்கலோடு பாதிப் பயமும் போய்விடுகிறது.