வயிற்று வலிக்கு முதுகில் ஊசி! "நடிப்பு" என்ற பழியைப் போக்கும் சோதனை

சாப்பாட்டைக் கண்டாலே பயம்! நாலு வாய் உள்ளே போனதும் மேல் வயிற்றில் சுரீர் என்று வலி, குமட்டல். இதனால் சோற்றைக் குறைத்து, உடம்பு துரும்பாகிப் போகிறவர்கள் உண்டு.

எண்டாஸ்கோப்பி பார்த்தால் புண் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை. "ஒண்ணுமில்லே, கேஸ்தான்" என்று அனுப்பி விடுவார்கள். வீட்டிலோ "எல்லாம் நடிப்பு" என்பார்கள்.

ஆனால் கோளாறு குடலில் இல்லாமல் நரம்பில் இருக்கலாம்!

நார் அழுத்துகிறது

இதயத் துடிப்பு, வேர்வை, செரிமானம் எல்லாம் நாம் சொல்லாமலே நடக்கின்றன. தானியங்கி நரம்புகள் பார்க்கும் வேலை இது. வயிற்றுக்கான பெரிய நரம்புப் பின்னல் இரைப்பைக்குப் பின்னால் உள்ளது. பெயர் "சீலியாக்".

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் நார்ப்பட்டை, சிலருக்கு அங்குள்ள ரத்தக் குழாயையும் நரம்பையும் அழுத்துகிறது. பின்லாந்து டாக்டர் ஹார்யோலா 1963-ல் இதைப் பற்றி எழுதினார். 1965-ல் எழுதிய டன்பாரின் பெயரே நோய்க்கு நிலைத்தது.

இதில் ஒரு சிக்கல். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் அந்தக் குழாய் நசுங்கித் தெரிவது உண்டு. படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைத்தால், ஆபரேஷன் வீணாகலாம்.

சாப்பிட்டுப் பாருங்க!

இங்கேதான் ஊசி உதவுகிறது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேனைப் பார்த்தபடி முதுகு வழியாக நீள ஊசியைச் செலுத்துகிறார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற மாதிரி, மரத்துப் போகும் மருந்துதான். பிறகு சாப்பிடச் சொல்வார்கள்!

வலி நன்றாகக் குறைந்தால், அது அந்த நரம்பு வழியாகத்தான் வருகிறது என்பதற்கு ஓர் அடையாளம். நார்ப்பட்டையை அறுத்து விடும் ஆபரேஷன் பலன் தரலாம். வலி குறையாவிட்டால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

மருந்தின் வேகம் சில மணி நேரம்தான். வலி திரும்பி விடும். இது சோதனை, வைத்தியம் அல்ல.

எச்சரிக்கை

நரம்பு மரத்ததும் ரத்த அழுத்தம் இறங்கலாம். குடலுக்குப் பிரேக் போடும் நரம்பு அடங்குவதால் பேதியும் ஆகலாம். எனவே வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லி விட வேண்டும்.

"ஊசி போட்டாச்சு" என்ற தைரியத்திலேயே சிலருக்கு வலி குறைவதும் உண்டு. ஆகவே இந்த ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. புண், கல், புற்றுநோய் இல்லை என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

சாப்பிட்டதும் வலி, கூடவே எடையும் இறங்குகிறதா? கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். குடல் நோய் டாக்டரிடம் காட்டி, "நரம்புக் கோளாறா இருக்குமா?" என்று கேளுங்கள்!