வலது கை மட்டும் ஏன் மரத்துப்போகிறது?

சென்னையில் கிளம்பி மதுரையில் பைக்கை நிறுத்தும்போது இடது கை தேவலாம். வலது கைதான் மரத்துக் கிடக்கும். ஏன்? வலது கைப்பிடிதான் ஆக்ஸிலரேட்டர்; அதை விட்டால் தானாக மூடிக்கொள்ள உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. பாதுகாப்புக்காக வைத்ததுதான். ஆனால் அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து மணிக்கணக்கில் முறுக்கிப் பிடிப்பதால் முன்கைத் தசைகள் தளராமல் இறுகியே நிற்கின்றன. அவற்றுக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. எஞ்சின் அதிர்வு வேறு உள்ளங்கை நரம்புகளைச் சீண்டும்.

இதற்குத் தீர்வாகக் கைப்பிடியில் மாட்டும் ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு உண்டு. உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் சாய்த்தால் போதும். நெம்புகோல் தத்துவம்: கைப்பிடியின் மையத்திலிருந்து தள்ளி அழுத்துவதால் சிறு விசையே ஸ்பிரிங்கைச் சமாளிக்கும்; விரல்களுக்கு ஓய்வு. ஊருக்குள் நுழைந்ததும் நான் அதைத் திருப்பிவிடுவேன். பிரேக்குக்கு விரல் நீட்டும்போது உள்ளங்கை பட்டால், நிற்க வேண்டிய வண்டி சீறும்!