சுயாதீன இயக்குநர்களும் ஒரு நிராகரிப்பும்

லண்டனின் ஹவுன்ஸ்லோ உள்ளூராட்சிப் பகுதியில் அப்போது தலைமையகத்தைக் கொண்டிருந்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் மருந்து நிறுவனத்தின் ஊதிய அறிக்கையை, 2003 மே மாதத்தில் அதன் பங்குதாரர்கள் நிராகரித்தனர். பதிவான வாக்குகளில் பாதிக்குச் சற்று அதிகமானவை எதிராக விழுந்தன.

தலைமை நிர்வாகி பதவிநீக்கப்பட்டால், சுமார் 2.2 கோடி பவுண்டுகள் என மதிப்பிடப்பட்ட தொகை அவருக்குக் கிடைக்கும் என்பதே சர்ச்சைக்குக் காரணம்.

இத்தகைய ஊதியங்களைப் பரிசீலிப்பது, அன்றாட நிர்வாகத்தில் பங்கேற்காத சுயாதீன இயக்குநர்களின் பொறுப்பு. ஓய்வூதிய நிதிகள் வழியாகச் சாதாரண ஊழியர்களின் சேமிப்பும் பெருநிறுவனப் பங்குகளில் இருப்பதால், அவர்களின் நலனைக் காப்பதும் இவர்களது கடமையாகிறது.

அந்த வாக்கெடுப்பு நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் அவ்வாண்டு இறுதியிலேயே உயர் அதிகாரிகளின் ஒப்பந்த விதிகளை நிறுவனம் இறுக்கியது. இயக்குநர்கள் முதலிலேயே மறுத்திருக்க வேண்டியதை, பங்குதாரர்கள் மறுக்க நேர்ந்தது.