பெற்றோரின் பண்பும் பிள்ளைகளின் பங்கும்: மணிலா விதையில் ஒரு கணக்கு

புரட்டாசிக் கடைசியில் மானாவாரி மணிலா அறுவடைக்கு நிற்கிறது. ஆள் கிடைக்காமல் பத்து நாள் தாமதமாகிறது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. மழை விட்டபின் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், மண்ணுக்குள்ளேயே ஓட்டைப் பிளந்துகொண்டு வெண்முளை எட்டிப் பார்க்கிறது. விருத்தாசலம் வட்டாரத்து விவசாயிகளுக்கு இக்காட்சி புதியதன்று. முளைத்த கொட்டை விதைக்கும் உதவாது. எண்ணெய்க்கும் தரமான விலை பெறாது.

இதற்குக் காரணம் யாது? கொத்து இரக மணிலாவின் வித்துக்குப் பெரும்பாலும் உறக்க காலம் கிடையாது. முற்றியவுடன் ஈரம் கண்டால் முளைத்துவிடும். கொடி இரகத்தின் வித்தோ, முற்றியபின்னும் பல வாரங்கள் உறங்கிக் கிடக்கும். ஆனால் கொடி இரகம் விளைந்து முடிய ஏறக்குறைய ஒரு மாதம் கூடுதலாகும். மானாவாரி நிலத்தில் அவ்வளவு நாள் ஈரம் நில்லாது. ஒன்றில் இருக்கும் நற்பண்பு மற்றொன்றில் இல்லை. இரண்டையும் ஒரே செடியில் சேர்க்க இயலுமா? இயலும். எத்தனை செடிகளில் ஒன்று அவ்வாறு அமையும் என்பதைக்கூட முன்னதாகவே கணக்கிட்டுச் சொல்ல முடியும். அக்கணக்கை அறிந்துகொள்வது ஆராய்ச்சியாளருக்கு மட்டுமன்றி, விதையை எடுத்து வைக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் பயன் தருவதாகும்.

மெண்டல் கண்ட உண்மை

ஆஸ்திரிய நாட்டுப் பேரரசில் புரூண் என்னும் நகரத்து மடத்தில் வாழ்ந்த கிரிகோர் மெண்டல் என்னும் துறவி, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, 1865-இல் தம் முடிவுகளை அறிஞர் சபையில் படித்தார். அவற்றின் அருமையை உலகம் 1900-ஆம் ஆண்டில்தான் உணர்ந்தது.

உருண்டையான மஞ்சள் வித்துடைய பட்டாணியையும், சுருங்கிய பச்சை வித்துடைய பட்டாணியையும் அவர் கலப்புச் செய்தார். முதல் தலைமுறையில் எல்லா வித்துகளும் உருண்டையாகவும் மஞ்சளாகவுமே இருந்தன. சுருக்கமும் பச்சையும் மறைந்துபோயின. வெளிப்பட்டு நின்ற பண்பை ஓங்கு பண்பு என்றும், மறைந்து நின்ற பண்பை ஒடுங்கு பண்பு என்றும் கூறுவர்.

மறைந்தவை அழிந்துவிடவில்லை. அந்தக் கலப்புச் செடிகளைத் தாமாகவே கருவுற விட்டு, கிடைத்த 556 வித்துகளை அவர் எண்ணினார். உருண்டை மஞ்சள் 315. உருண்டை பச்சை 108. சுருங்கிய மஞ்சள் 101. சுருங்கிய பச்சை 32. ஏறத்தாழ 9, 3, 3, 1 என்னும் பங்குகளில் இவை அமைந்திருந்தன. இதில் கருதத்தக்கது, இடையிலுள்ள இரு வகைகளே. உருண்டைப் பச்சையும் சுருங்கிய மஞ்சளும் பெற்றோர் இருவரிடத்தும் இல்லாத புதிய சேர்க்கைகள். பயிர்ப் பெருக்கத்தின் நம்பிக்கை முழுவதும் இப்புதிய சேர்க்கைகளில்தான் அடங்கியுள்ளது.

அச்சும் வர்ணமும்

இப்பங்குகள் எவ்வாறு வந்தன என்பதை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடத்தைக் கொண்டே விளக்கலாம். பொம்மை செய்வோர் களிமண் குழம்பை அச்சில் வார்த்து உருவம் எடுக்கின்றனர். பிறகு வர்ணம் தீட்டுகின்றனர். யானை அச்சும் குதிரை அச்சும் இருக்கின்றன. நீலமும் சிவப்பும் இருக்கின்றன. யானை என்பதனாலேயே அது நீலமாக இருந்தாக வேண்டும் என்னும் நியதி இல்லை. நீல யானை, சிவப்பு யானை, நீலக் குதிரை, சிவப்புக் குதிரை என நான்கும் ஆகும். உருவம் ஒரு தேர்வு; வர்ணம் மற்றொரு தேர்வு.

உயிர்களிலும் பல பண்புகள் இவ்வாறே தனித்தனியாக இறங்குகின்றன. ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் இரண்டு சீட்டுகள் உள்ளன எனக் கொள்ளலாம்; ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. இச்சீட்டையே மரபணு அல்லது ஜீன் என்கிறோம். செடி தன் சந்ததிக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றை மட்டுமே கொடுக்கும். எதைக் கொடுக்கும் என்பது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போன்றதே.

மணிலாவில் வைத்துப் பார்த்தல்

இனி மணிலாவுக்கு வருவோம். சிவப்புத் தோல் பருப்பும் வித்துறக்கமும் உடைய ஓர் இரகம் இருக்கிறது. நாம் பயிரிடும் மற்றோர் இரகமோ ரோஜா நிறத் தோலும், உறக்கமில்லாத வித்தும் உடையது. நமக்கு வேண்டியது ரோஜா நிறமும் உறக்கமும் சேர்ந்த செடி.

பல கலப்புகளில் சிவப்புத் தோல் ரோஜாத் தோலினும் ஓங்கிய பண்பாகக் காணப்பட்டுள்ளது. வித்துறக்கமும் கொத்து இரகங்களில் ஒரே மரபணுவால் ஆளப்படும் ஓங்கு பண்பு என, ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தார் 1999-இல் வெளியிட்டுள்ளனர். இவ்விரண்டையும் அடிப்படையாக வைத்துக் கணக்கிடுவோம்.

கலப்புச் செய்வது பொறுமையான வேலை. மணிலாப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. ஆகவே மறுநாள் மலரவிருக்கும் மொட்டை முதல்நாள் மாலையில் மெல்லத் திறந்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் நீக்கிவிட வேண்டும். மறுநாள் காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தை அதில் இட வேண்டும். விழுது இறங்கும்போது நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும்.

இவ்வாறு கிடைத்த கலப்பு வித்தை விதைத்தால் வரும் முதல் தலைமுறைச் செடிகள் யாவும் சிவப்புத் தோலும் உறக்கமும் உடையனவாகவே இருக்கும். அடுத்த தலைமுறையில்தான் பிரிவினை நிகழும். தோல் நிறம் பற்றி ஒன்றை மறக்கலாகாது. பருப்பின் தோல் தாய்ச்செடியின் உறுப்பு. ஆகையால் வித்தின் தோலைப் பார்த்து அதற்குள்ளிருக்கும் செடியின் நிறத்தை அறிய முடியாது. அதை விதைத்து, அது ஈனும் பருப்பைப் பார்த்தே அறிய வேண்டும்.

காலில் கால் வீசம்

நம் முன்னோர் மனப்பாடம் செய்த பின்னக் கணக்கே இங்குப் போதுமானது. ஒரே பண்பை எடுத்துக்கொண்டால் இரண்டாம் தலைமுறையில் ஓங்கு பண்பு முக்கால் பங்கு. ஒடுங்கு பண்பு கால் பங்கு. இரு பண்புகளையும் சேர்த்துப் பார்க்க, இவற்றைப் பெருக்க வேண்டும்.

சிவப்பு, உறக்கம்: முக்காலில் முக்கால், அரையே வீசம், அதாவது 16-இல் 9.
சிவப்பு, உறக்கமின்மை: முக்காலில் கால், மூவீசம், அதாவது 16-இல் 3.
ரோஜா, உறக்கம்: காலில் முக்கால், மூவீசம், அதாவது 16-இல் 3.
ரோஜா, உறக்கமின்மை: காலில் கால், வீசம், அதாவது 16-இல் 1.

கூட்டினால் முன்னாளைய ரூபாய்க்குப் பதினாறு அணாபோல் கணக்கு முழுமையாகும். 160 செடிகள் வளர்த்தால், நாம் விரும்பும் ரோஜா நிற உறக்கச் செடிகள் ஏறக்குறைய 30 கிடைக்கும்.

தோற்றம் வேறு, வித்து வேறு

முப்பது கிடைத்தன என்று மகிழ்ந்து, அவற்றின் வித்தை ஒன்றாகக் கொட்டி வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். ரோஜா நிறம் ஒடுங்கு பண்பு. இரு சீட்டும் ரோஜாவாக இருந்தாலன்றி அது வெளிப்படாது. எனவே நிறத்தைப் பொறுத்தவரை முப்பதும் தூய்மையானவையே. ஆனால் உறக்கம் ஓங்கு பண்பு. ஒரு சீட்டு இருந்தாலே வெளிப்பட்டுவிடும். ஆகவே அம்முப்பதில் ஏறக்குறைய 10 மட்டுமே தூய்மையானவை. மற்ற 20 செடிகளின் சந்ததியில் காற்பங்கு மீண்டும் உறக்கமின்றி முளைக்கும்.

சுருங்கச் சொன்னால், ஒடுங்கு பண்பு வெளிப்பட்டால் ஐயமில்லை. ஓங்கு பண்பு வெளிப்பட்டால் சோதித்தே நம்ப வேண்டும். மெண்டலும் இதைக் கண்டார். உருண்டை மஞ்சள் வித்துகளிலிருந்து அவர் வளர்த்த 301 செடிகளில், இரு பண்பிலும் மாறாமல் ஈன்றவை 38 மட்டுமே.

இதனைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது. ஒவ்வொரு செடியின் வித்தையும் தனித்தனி வரிசையாக விதைத்து, வரிசை முழுவதும் ஒரே தன்மையாக வருகிறதா எனப் பார்ப்பதே வழி.

செடிகளின் எண்ணிக்கையும் முக்கியம். 16-இல் ஒன்று தூய்மையானது என்பதால் 16 செடிகள் போதும் என்று எண்ணலாகாது. 16 மட்டும் வளர்த்தால், வேண்டிய தூய செடி ஒன்றுகூடக் கிடைக்காமற் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 36. 48 செடிகள் வளர்த்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 5-க்கும் குறைந்துவிடும். ஆராய்ச்சிப் பண்ணையில் நூற்றுக்கணக்கான செடிகளை எண் அட்டையுடன் வளர்ப்பதன் காரணம் இதுவே.

கணக்கின் எல்லை

எல்லாப் பண்புகளும் இக்கணக்குக்கு அடங்குவன அல்ல. ஒரே அச்சில் யானையும் பாகனும் சேர்த்துச் செதுக்கியிருந்தால், யானையை மட்டும் தனியே வார்க்க முடியாது. அதுபோல, சில மரபணுக்கள் அருகருகே பிணைந்திருந்து சேர்ந்தே இறங்கும். அப்போது 9, 3, 3, 1 அமையாது. மேலும் மகசூல், எண்ணெய்ச் சத்து போன்றவை பல மரபணுக்களாலும், எருவாலும், நீராலும் ஆளப்படுகின்றன. பத்து பண்புகளை ஒருங்கே தூய்மையாக எதிர்பார்த்தால் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆயினும் மணிலா தானே கருவுறும் பயிராதலால், கலப்புத் தன்மை தலைமுறைதோறும் பாதியாகக் குறைகிறது. முதல் தலைமுறையில் முழுமையாக இருந்த கலப்பு, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் கால், ஏழாவதில் 64-இல் ஒன்று. எனவேதான் ஒரு புதிய இரகம் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. விருத்தாசலத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வழங்கிய வி.ஆர்.ஐ. 2 மணிலா, ஜே.எல். 24 என்னும் இரகத்தையும் கோ 2 என்னும் இரகத்தையும் கலந்து, இவ்வாறு பொறுக்கியெடுக்கப்பட்டதே.

முந்திரிக்கு வேறு வழி

முந்திரியின் நிலை வேறு. அது அயல் மகரந்தத்தால் கருவுறும் மரம். ஒவ்வொரு மரமும் எண்ணற்ற கலப்புச் சீட்டுகளைச் சுமந்து நிற்கிறது. நன்றாகக் காய்க்கும் மரத்தின் கொட்டையை ஊன்றினால் தாயைப் போலவே பிள்ளை வரும் என்பதற்கு உறுதியில்லை. பல ஆண்டுகள் காத்திருந்தபின் அது தெரியவருவது பெரும் நஷ்டம். ஆகையால் 1991-இல் விருத்தாசலத்திலிருந்து வெளிவந்த வி.ஆர்.ஐ. 3 போன்ற முந்திரி இரகங்களை ஒட்டுக் கன்றாகவே நட வேண்டும். ஒட்டில் சீட்டு குலுக்கப்படுவதில்லை. தாய்மரத்தின் பண்பு முழுவதும் அப்படியே வருகிறது. கரும்பைக் கரணையால் நடும்போதும் இவ்வாறே. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்து 1918-இல் வெளியிட்ட கோ 205, கரணை வழியாகவே பண்பு மாறாமல் பரவியது.

நாம் செய்யத்தக்கவை

1. மணிலா விதைக்கென ஒரு பாத்தியைத் தனியே ஒதுக்குக. இரகத்துக்கு மாறாகத் தோன்றும் செடிகளைப் பூக்கும் பருவத்திலும், பிடுங்கும் பருவத்திலும் நீக்குக.

2. நல்ல செடிகளின் காயைச் செடிவாரியாகப் பிரித்து, அடுத்த பட்டத்தில் தனி வரிசைகளாக விதைத்துப் பார்க்க.

3. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் மணியை விதைக்கு வைக்கலாகாது. அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்துவிடும்; பயிர் ஏறியும் இறங்கியும் நிற்கும்.

4. முந்திரிக் கன்று வாங்கும்போது ஒட்டுத் தழும்பைப் பார்த்தே வாங்குக.

5. பஞ்சாயத்து அங்கத்தினர்கள், பொது நிலத்தில் நடும் முந்திரிக்கும் கூட்டாக வாங்கும் மணிலா விதைக்கும் இரகத்தின் பெயரையும் வாங்கிய இடத்தையும் பதிவேட்டில் குறித்து வைப்பது நலம். பயிர் மாறி வந்தால், தவறு மண்ணிலா விதையிலா என்பதை அக்குறிப்பே காட்டும்.

விளைந்து நிற்கும் செடியின் அழகு கண்ணுக்குத் தெரியும். அதன் வித்துக்குள் இருக்கும் பங்கு எண்ணினால்தான் தெரியும். விதையைக் குதிரில் கொட்டுமுன் வீசக் கணக்கை ஒருமுறை நினைவு கூர்வோமாக.