உங்களுக்குத் தெரியுமா? குறைந்த விலையில், கார் கம்பெனி ஏற்கும் இன்ஜின் ஆயில்

◆ உங்கள் காருக்கு எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பதைக் கார் கம்பெனி ஏற்கெனவே அச்சடித்துக் கொடுத்துவிட்டது. டேஷ்போர்டு டிராயரில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் லூப்ரிகன்ட் அட்டவணை இருக்கும். அதில் நமக்கு வேண்டியவை மூன்று: கிரேடு (0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பது போல), தரக்குறியீடு (அமெரிக்கத் தரமான ஏபிஐ எஸ்பி, ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3 என்பது போல), எத்தனை லிட்டர். அந்தப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதல் இரண்டும் அப்படியே பொருந்துகிற டப்பாக்களில் விலை குறைந்தது எதுவோ அதை நிம்மதியாக வாங்கலாம். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி வரை எந்தக் கடைக்காரரிடமும் “நல்ல ஆயிலா கொடுங்க” என்று கேட்பதைவிட, போட்டோவைக் காட்டி “இது இருக்கா?” என்று கேட்டால் பணம் மிச்சம்.

◆ டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சில டப்பாக்களில் சிறிய வட்ட முத்திரை ஒன்று இருக்கும். மேல் வளைவில் ‘ஏபிஐ சர்வீஸ்’ என்பதோடு எஸ்பி, எஸ்என் போன்ற இரண்டெழுத்து. நடுவில் 5டபிள்யூ-30 என்று கிரேடு. கீழ் வளைவில், எரிபொருள் சிக்கனத்துக்கான தேர்விலும் தேறிய ஆயிலாக இருந்தால், ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டிடம் (ஏபிஐ) உரிமம் வாங்கிய ஆயிலுக்குத்தான் இந்த வட்டம். வட்டம் இல்லாமல் வெறும் எழுத்தில் ‘ஏபிஐ எஸ்பி’ என்றிருந்தால், அது தயாரிப்பாளர் தன் பொறுப்பில் சொல்லிக்கொள்வது. பெயர்பெற்ற கம்பெனி அப்படிச் சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன். ஊர் பேர் தெரியாத டப்பா என்றால் ஏற்கமாட்டேன். உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை ஏபிஐ தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. தேடிப் பார்க்கக் காசு கிடையாது.

◆ ஏபிஐ எழுத்து எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்-க்கு அடுத்த எழுத்து அகரவரிசையில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு புதிய தரம். எஸ்எல் 2001-இல் வந்தது, எஸ்எம் 2004-இல், எஸ்என் 2010-இல், எஸ்பி 2020-இல், எஸ்க்யூ 2025-இல். புதியது பழையதின் வேலையையும் பொதுவாகச் செய்யும். பழையது புதியதின் வேலையைச் செய்யாது. ‘எஸ்எஃப்’ என்ற எழுத்தோடு மலிவாக ஒரு டப்பா கண்ணில் பட்டால் விலகிப் போங்கள். 1988-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அது ஒத்துவராது என்று ஏபிஐயே எச்சரிக்கிறது.

◆ ‘அப்ரூவ்டு’ என்பதும் ‘மீட்ஸ்’ என்பதும் ஒன்றல்ல. மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் போன்ற ஐரோப்பியக் கம்பெனிகள் ஆயிலைத் தங்கள் தேர்வுகளுக்கு உட்படுத்தி, தேறியவற்றுக்கு எண்ணோடு அங்கீகாரம் தருகின்றன. எம்பி 229.51, பிஎம்டபிள்யூ எல்எல்-04, விடபிள்யூ 502 00 எல்லாம் அப்படி வந்தவை. லேபிளில் அந்த எண்ணுக்கு முன்னால் ‘அப்ரூவல்’ என்றிருந்தால் கார் கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று பொருள். ‘மீட்ஸ் ரெக்வயர்மென்ட்ஸ்’, ‘சூட்டபிள் ஃபார்’ என்றிருந்தால் ஆயில் கம்பெனி மட்டும்தான் சொல்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் விலை உயர்ந்த டப்பாவையும் வாங்கி, அங்கீகாரமும் இல்லாமல் போகிறார்கள்.

◆ மாங்காட்டுக்குப் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை. 1998-இல் அங்கிருந்துதான் ஹூண்டாய் சான்ட்ரோ புறப்பட்டது. ஹூண்டாய், மாருதி கார்களின் மேனுவல்கள் பெரும்பாலும் ஏபிஐ, ஏசிஇஏ போன்ற பொதுத் தரத்தையும் கிரேடையும் கேட்கின்றன. ஐரோப்பியக் கார்களைப் போலத் தனி அங்கீகார எண் கேட்பதில்லை. இது நமக்குப் பெரிய லாபம். பொதுத் தரத்தில் ஆயில் செய்யாத கம்பெனி கிடையாது. போட்டி அதிகம், அதனால் விலை குறைவு. நம் தெருக்களில் ஓடும் கார்களில் கணிசமானவை இந்த இரண்டு கம்பெனிகளுடையவைதானே!

◆ கார் கம்பெனியின் பெயர் போட்ட ‘ஜெனுயின்’ ஆயிலைக் கார் கம்பெனி காய்ச்சுவதில்லை. ஏதோ ஓர் எண்ணெய் நிறுவனத்திடம் செய்து வாங்கி, தன் பெயரில் அடைக்கிறது. செய்தவர் பெயரும் முகவரியும் லேபிளில் இருந்தாக வேண்டும் என்பது பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதி. பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள். இந்த ஜெனுயின் டப்பா சில சமயம் கடைகளில் பிரபல பிராண்டைவிட மலிவாகவே கிடைக்கும். அங்கீகாரம் பற்றிய கேள்வியே அங்கே எழாது. குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

◆ இரண்டாவது சிபாரிசு, பொதுத்துறை ஆயில். இந்தியன் ஆயிலின் சர்வோ 1972-இல் வந்தது. பாரத் பெட்ரோலியத்துக்கு மேக், இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு எச்பி. பொதுத்துறை என்பதாலேயே இவற்றைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் உண்டு, அது நியாயமில்லை. தரக்குறியீடு பொருந்தினால், பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும் இந்த டப்பாக்கள் தாராளமாகப் போதும்.

◆ ஆயிலின் மூலப்பொருளான பேஸ் ஆயில் நம் சென்னையிலேயே தயாராகிறது. மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான் இன்றைய சிபிசிஎல். இந்திய அரசும், அமெரிக்காவின் அமோக்கோவும், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965-இல் உருவாக்கியது. பேஸ் ஆயிலோடு சேர்மானங்களைக் கலந்தால்தான் இன்ஜின் ஆயில். அழுக்கை மிதக்க வைக்க ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, நுரை வராமல் இருக்க ஒன்று எனப் பல. ஆயிலுக்கு ஆயில் தரம் வேறுபடுவது பேஸ் ஆயிலின் வகையாலும் இந்தச் சேர்மானங்களின் அளவாலும்தான். கடையில் தனியாக விற்கும் ‘ஆயில் அடிட்டிவ்’ பாட்டிலை வாங்கி இந்தக் கணக்கைக் குலைக்க வேண்டாம்.

◆ ‘ஃபுல்லி சிந்தெட்டிக்’ என்று தங்க நிற எழுத்தில் போட்டிருப்பது ஒரு தரச்சான்று அல்ல. 1999-இல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் இரண்டுக்கும் நடந்த விளம்பரத் தகராறில் ஒரு தீர்ப்பு வந்தது. கச்சா எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் ‘குரூப் 3’ எண்ணெயையும் சிந்தெட்டிக் என்று சொல்லி விற்கலாம் என்றானது. அதற்கு முன் ஆய்வுக்கூட முறையில் கட்டியெழுப்பும் விலை உயர்ந்த எண்ணெயைத்தான் அந்தப் பெயர் குறித்தது. குரூப் 3 மோசமில்லை, நன்றாகவே உழைக்கும். ஆனால் முன்பக்கத்துப் பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

◆ “சென்னை வெயிலுக்கு 20டபிள்யூ-50 போடுங்க சார், கெட்டியா நிக்கும்.” பலரும் கேட்டிருக்கும் அறிவுரை. சூடேறிய இன்ஜினுக்குள் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும். வெளியே ஊட்டியா, பூந்தமல்லியா என்பது அங்கே பெரிய வித்தியாசம் செய்யாது. கிரேடின் இரண்டாவது எண்ணே 100 டிகிரி செல்சியஸில் அளந்ததுதான். முதல் எண், ஆயில் ஆறிக் கிடக்கும்போது எவ்வளவு லேசாக ஓடும் என்பதற்கு. காலையில் சாவியைத் திருப்பிய முதல் நொடிகளில்தான் இன்ஜின் அதிகம் தேய்கிறது. அப்போது ஆயில் சட்டென மேலே ஏற வேண்டும். சில புதிய மாருதி இன்ஜின்கள் 0டபிள்யூ-16 கேட்கின்றன. பழைய மாருதி 800-இல் 20டபிள்யூ-40 ஊற்றிப் பழகிய கைக்கு இது தண்ணீராகத் தெரியும். அந்த இன்ஜினின் நுண்ணிய இடைவெளிகளும் பம்ப்பும் இந்த ஆயிலை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. மேனுவல் இரண்டு, மூன்று கிரேடுகளுக்கு அனுமதி தந்திருந்தால் அவற்றுக்குள் தேர்ந்தெடுங்கள். அதைத் தாண்டாதீர்கள்.

◆ மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த இன்ஜினின் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுழல்கிறது. பொருந்தாத ஆயில் பெல்ட்டின் ரப்பரைக் கெடுக்கும். உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும், பிறகு இன்ஜினே போகும். ஃபோர்டு கேட்பது 5டபிள்யூ-20 கிரேடு, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரக்குறியீடு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகு, இந்தக் கார்கள் பல வெளி மெக்கானிக்குகளின் கைக்கு வந்துவிட்டன. “எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான்” என்று பேரல் திறக்கிறவரிடம் இந்தக் காரை விடவே கூடாது. மற்ற கார்களில் தவறான ஆயில் பெரும்பாலும் ஆயுளைக் குறைக்கும். இதில் நடுரோட்டில் நிறுத்திவிடும்.

◆ சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மானம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தபின் கலவையை மாற்றினார்கள். 2018-இல் வந்த எஸ்என் பிளஸ், 2020-இல் வந்த எஸ்பி இரண்டிலும் இதற்கெனத் தனிச் சோதனை இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூ 1.0 டர்போ போன்ற காருக்குப் பழைய எஸ்எம், எஸ்என் டப்பாவை மலிவு என்று வாங்குவது தப்புக் கணக்கு.

◆ 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி அமலில் இருக்கிறது. அதன்பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. கரியை எரித்துவிடலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது; அது அங்கேயே தங்கி அடைக்கும். ஆகவே மேனுவல் ஏசிஇஏ சி2, சி3 என்று சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்டால் அதையே வாங்குங்கள். பைபாஸில் லாரிக்கு ஊற்றும் பழைய வகை 15டபிள்யூ-40 மலிவுதான். மாற்று டிபிஎஃப் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

◆ 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்பது பல கார்களுக்கான கெடு. அதே மேனுவலில் ‘சிவியர் கண்டிஷன்’ என்று இன்னொரு பட்டியல் இருக்கும்: தூசு நிறைந்த சாலை, நின்று நின்று போகும் டிராஃபிக், அடிக்கடி குறைந்த தூரப் பயணம். குமணன்சாவடி சிக்னலில் காத்திருந்தவர்களுக்கும், மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்த வருடங்களில் புழுதியில் ஊர்ந்தவர்களுக்கும், வெள்ளிக்கிழமை மாங்காடு காமாட்சி அம்மன் கோயில் கூட்டத்தில் ஏசி போட்டபடி நின்றவர்களுக்கும் அந்தப் பட்டியல்தான் பொருந்தும். ஓடோமீட்டர் நகராது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலுக்கான கெடு ஏறத்தாழப் பாதி. விலை உயர்ந்த ஆயிலை 15,000 வரை இழுப்பதைவிட, தரம் பொருந்திய மலிவு ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது நல்லது. கூடவே ஃபில்டரும் மாற வேண்டும்.

◆ ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. அழுக்கைக் கழுவித் தன்னோடு மிதக்க வைப்பதால் கறுக்கிறது. டீசலில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டிய நிறம் வேறு: பால் கலந்த காபி நிறம். தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் நின்ற கார்களைப் பலர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்து இன்ஜினை இழந்தார்கள்.

◆ விலையை எப்போதும் லிட்டருக்குப் பிரித்துப் பாருங்கள். டப்பாக்கள் 1, 3, 3.5, 4 லிட்டர் என்று வரும். உதாரணத்துக்கு, 3 லிட்டர் 1,290 ரூபாய், 3.5 லிட்டர் 1,400 ரூபாய் என்றால் முதலாவது லிட்டர் 430, இரண்டாவது 400. எம்ஆர்பி என்பது உச்ச விலை. அதற்குக் கீழே தரப் பல கடைகள் தயார், கேட்டால்தான் தருவார்கள். சில பிராண்டுகள் டப்பாவுக்குள் மெக்கானிக்குக்கான பரிசுக் கூப்பன் வைக்கின்றன. உழைப்பவருக்கு அது போய்ச் சேரட்டும், தப்பில்லை. ஆனால் பிராண்டைத் தேர்வு செய்வது உங்கள் மேனுவலாக இருக்கட்டும்.

◆ காலி டப்பாவை முழுசாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். நல்ல டப்பாவில் போலி ஆயிலை நிரப்பி மறுபடி சீல் வைப்பது நடக்கிற வியாபாரம். லேபிளைக் கிழித்து, டப்பாவில் ஓட்டை போட்டுப் போடுங்கள்.

◆ கம்பெனி சர்வீஸுக்கு வெளியே போனால் வாரன்டி மொத்தமாகப் போய்விடும் என்று சொல்வார்கள். 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுநீக்கத் தகவல்களையும் வெளிச்சந்தைக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தது குற்றம். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனவே வாரன்டி முடியும்வரை ஆயிலைக் கம்பெனி சர்வீஸிலேயே மாற்றுவது தலைவலி இல்லாதது. வெளியே மாற்றுவதானால் ஜிஎஸ்டி பில், டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், ஓடோமீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

◆ ஒரே ஒருமுறை மாற்றி எடுக்கும் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைப் பாழாக்க முடியும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. போர்வெல்லை நம்பி வாழும் தெருக்கள் நம்முடையவை, செம்பரம்பாக்கம் ஏரியும் அருகிலேயே. இந்தியச் சட்டப்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்கள் மேலும் விழுந்திருக்கிறது. வீட்டு வாசலில் நீங்களே மாற்றுகிறவர் என்றால், டப்பாவில் ஊற்றி, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். மரத்துக்குக் கரையான் மருந்தாகப் பூசுவதும் சாக்கடையில் விடுவதும் வேண்டவே வேண்டாம்.

◆ காருக்கு ஊற்றி மிஞ்சிய அரை லிட்டரை பைக்கில் ஊற்றலாமா? கியர் பைக்கில் கூடாது. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் ஆயிலிலேயே முங்கி இருக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்கல் பொருள் கிளட்ச்சையும் வழுக்க வைக்கும். கியர் பைக்குக்குத் தேடவேண்டியது ‘ஜாசோ எம்ஏ’ என்ற முத்திரை. மிஞ்சிய அரை லிட்டரை மூடி இறுக்கி, தேதி எழுதி, டிக்கியில் வையுங்கள். டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள்தான். அடுத்த சர்வீஸுக்குள் மட்டம் இறங்கினால் அதே ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக டாப்-அப் செய்யலாம். மேல்கோட்டைத் தாண்ட விடாதீர்கள். அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.